ரோரியே தண்ணீரில் போட்டால் நான் எம்மாத்திரம்?

ஞாயிறு_மட்டை: 2025 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தை நேற்று திரும்பப் பார்த்தேன். அகஸ்டா மைதானத்தில் 13ஆம் குழி. ரோரி மெக்கில்ராய்க்கு நூறு கெஜம்கூட இல்லை, இடப்பக்கம் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) காலியாகக் கிடக்கிறது. பந்து வலப்பக்க ஓடையில்! டபுள் போகி, அதாவது அந்தக் குழிக்குரிய கணக்கைவிட இரண்டு ஷாட் அதிகம். போன வாரம் அதே தூரத்தில் நானும் குளத்துக்கு மூன்று பந்துகளைத் தானம் செய்தேன். நாங்கள் இருவரும் ஒரே ரகம்தானே?

கேடி_மாமா: தண்ணீர் வரைக்கும் சரி. அப்புறம் 15இல் மரத்தைச் சுற்றி 7 அயர்ன் மட்டையால் பந்தை வளைத்தாரே, அது?

பச்சைப்புல்: எனக்கு 18தான் மறக்காது. ஐந்தடி தூரத்தில் குழிக்குள் உருட்டும் பட், விழுந்தால் கோப்பை. விழவில்லை! ஜஸ்டின் ரோஸுடன் சமநிலை, வெற்றியாளரை முடிவுசெய்ய பிளே-ஆஃப், அதே குழியில் பேர்டி (கணக்கைவிட ஒரு ஷாட் குறைவு). 11 வருடம் கழித்து ஒரு மேஜர். மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளையும் வென்றவர்களில் ஆறாவது ஆள். மண்டியிட்டு அழுதுவிட்டார் மனிதர்.

ஞாயிறு_மட்டை: ஐந்தடியா? எங்கள் குழுவில் அதைக் ‘கிம்மி’ என்று சொல்லி, விழுந்ததாகவே கணக்கு வைத்துப் பந்தைக் கையாலேயே எடுத்துவிடுவோம். மண்டியிடுவதில் மட்டும் குறையில்லை, மூன்றாவது பந்தைத் துழாவ நானும் மண்டியிட்டேன்.