திட்டும் மேனேஜரிடமிருந்து ரிலீவிங் லெட்டரோடு வெளியே வருவது

மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருப்பவர்

மேனேஜர் திட்டியது ஆறு மாதத்தில் ஆறிவிடும். கோப்பில் 'அப்ஸ்காண்டிங்', அதாவது சொல்லாமல் ஓடிப்போனவர், என்று ஏறிவிட்டால் அது அடுத்த இரண்டு கம்பெனி வரைக்கும் கூடவே வரும். பத்துப் பேர் முன்னால் கேவலமாகப் பேசிவிட்டார் என்று சிலர் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மறுநாளிலிருந்து போனை எடுப்பதில்லை. உள்ளே நடப்பது இதுதான்: சில நாளில் ஒரு மெயில், பிறகு நிரந்தர முகவரிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னொன்று, அப்புறம் அந்த வார்த்தை. கடிதம் போவது சேரும்போது கொடுத்த ஊர் முகவரிக்கு. அங்கே வீடு மாற்றியிருப்பார்கள். வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்த உறையும் உங்களுக்கு எதிரான ஆதாரமாகக் கோப்பில் சேரும். அதனால் மனசு விட்டுப்போன அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, ஹெச்.ஆர். போர்ட்டலில் முகவரியையும் சொந்த மெயில் ஐ.டி.யையும் சரிபார்ப்பது.

காலையில் அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றால் லீவு போடுங்கள். "உடல்நலக் குறைவு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை" என்று ஒரே வரி போதும். மூன்று நாளுக்கு மேல் போனால் பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழைச் சேருங்கள். சொல்லிவிட்டு வராதவரை அப்ஸ்காண்டிங் ஆக்குவது கஷ்டம். பேப்பர் போடுவது, அதாவது ராஜினாமா, கடைசி வேலை. அதற்கு முன்னால் நடந்ததை எழுதும் குறிப்பு, ஆவண நகல், பணக் கணக்கு என்று மூன்று வேலை இருக்கிறது.

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

குறிப்பு எழுதும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "மோசமாக நடத்தினார், அவமானப்படுத்தினார்" என்று இருபது பக்கம் இருக்கும். விசாரணையில் ஒரு வரிகூட நிற்காது. தேவைப்படுபவை: தேதி, மணி, இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள், எந்த வேலை பற்றிய பேச்சு, அதன்பின் நடந்தது. கெட்ட வார்த்தையானால் அதையும் அப்படியே எழுதுங்கள், புள்ளி வைக்காதீர்கள். அன்றைக்கே, பக்க எண் போட்ட நோட்டில், பேனாவில். ஆறு மாதச் சங்கதியை ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதிய நோட்டு பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

வாய்மொழியாக வரும் உத்தரவை எழுத்துக்கு இழுப்பது அடுத்தது. "இன்று மாலை 4 மணிக்கு நீங்கள் கூறியபடி, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய அறிக்கையை இன்றிரவே தர முயல்கிறேன். சோதனைப் பகுதி முடிந்திருக்காது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். குற்றச்சாட்டு வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம். மறுப்பு வராவிட்டால் அந்த மெயில் சாட்சியாகிவிடும்.

குரல் பதிவு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் கலந்துகொண்ட உரையாடலை நீங்கள் பதிவு செய்வது வேறு, மேசைக்கு அடியில் போனை விட்டுவிட்டு மற்றவர் பேச்சைப் பிடிப்பது வேறு; இரண்டாவதைச் செய்யாதீர்கள். முதலாவதிலும், பதிவுக்குத் தடை என்று கம்பெனி விதியில் இருக்கிறதா பாருங்கள். பதிவு செய்த போனை விற்காதீர்கள், மூலக் கோப்பை அதிலேயே வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) இடம்பெறும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த கோப்பை வைத்துக்கொண்டு மூலம் எங்கே என்றால் சிக்கல்தான்.

கம்பெனி மெயிலை மொத்தமாகச் சொந்த ஜிமெயிலுக்குத் தள்ளிவிடுவது மிகப் பெரிய தவறு. வாடிக்கையாளர் விவரம் ஒன்று அதில் கலந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் என்ற நிலை போய்த் தரவு திருடியவர் ஆகிவிடுவீர்கள். உங்கள் நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை, சம்பளச் சீட்டு, லீவு இருப்பு, உங்களைத் திட்டிய மெயில், இவை மட்டும்.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்

அதோடு ஒன்று. கம்பெனி லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்துக்கொண்டு மேனேஜரைப் பற்றிப் புலம்பாதீர்கள். ராஜினாமா வந்தவுடன் அதற்கு முந்தைய வாரங்களின் லாகை, அதாவது கணினிப் பயன்பாட்டுப் பதிவை, பார்ப்பது பல இடங்களில் வழக்கம். அந்த மாதம் வெளியே போன மெயில் இணைப்புகள்தான் முதலில் கண்ணில் படும்.

பி.ஐ.பி. (வேலையில் முன்னேற்றம் காட்டக் கெடு வைக்கும் திட்டம்) கொடுத்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சண்டை பிடிக்க வேண்டாம். "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை, விளக்கம் தனியே அனுப்புகிறேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். இலக்கு எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். "மனப்பான்மையில் முன்னேற்றம்" என்பதெல்லாம் அளக்க முடியாத இலக்கு. எதை வைத்து அளப்பீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். வாராவாரம் நடந்த பேச்சின் சுருக்கத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.

வழக்கறிஞர்

கத்துவதற்கென்று, அவமானப்படுத்துவதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இருக்கிற சட்டத்தில் எந்த வாசல் என்று பார்த்துத்தான் நுழைய வேண்டும்.

பாலியல் சாயல் உள்ள பேச்சு, தொடுதல், செய்தி என்றால் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பாதிக்கப்பட்ட பெண், கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கம்பெனியில் இதற்கென உள்ள உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். புகார் 6 பிரதிகள், கூடவே ஆவணங்களும் சாட்சிகளின் பெயர் முகவரியும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ, உங்களுக்குள்ள லீவுக்கு மேல் 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். இதைக் கேட்காமல் அதே அறையில் உட்கார்ந்து அவதிப்படுகிறவர்கள் நிறைய. பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலும், புகாரே முதலாளி மீது என்றாலும், மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சாதியைச் சொல்லிப் பிறர் பார்வையில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அங்கே யார் முன்னால் நடந்தது என்பது உயிர்நாடி, ஆகவே குறிப்பில் அருகிலிருந்தவர் பெயர் விடுபடக் கூடாது. கையை ஓங்கினால், அடித்தால், காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வேலையை விட்டு அவர்களே தூக்கினால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை வைத்து நிரூபித்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, உத்தரவு கையில் கிடைத்த வாரமே ஆலோசனை கேளுங்கள். சஸ்பெண்ட் செய்து வைத்தால் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள் 50 விழுக்காடு, அடுத்த 90 நாள் 75, அதற்கு மேல் முழுச் சம்பளம்.

இன்னொரு வகை இருக்கிறது. சின்ன அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "இப்பவே ராஜினாமா மெயில் போடு, இல்லைன்னா டெர்மினேஷன், எங்கேயும் வேலை கிடைக்காது" என்பது. அங்கேயே எழுத வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. "யோசித்து நாளை பதில் தருகிறேன்" என்று எழுந்து வாருங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் அன்றிரவே, மிஞ்சினால் மறுநாள், "இன்ன அறையில், இன்ன நேரத்தில், இன்னாரின் வற்புறுத்தலால் அனுப்பியது, திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதுங்கள். வரப்போகும் ஒரு தேதியிலிருந்து என்று கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதி வருமுன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் ராஜினாமா கொடுத்துவிட்டு மனம் மாறியவர் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி!

சம்பளக் கணக்கும் பி.எஃப்.பும் பார்க்கிறவர்

காசுக் கணக்குக்கு வாங்க. நோட்டீஸ் பை-அவுட் தொகை, அதாவது நோட்டீஸ் நாளை முடிக்காம போறதுக்குப் பிடிக்கிற காசு, பேசிக்கிலயா (அடிப்படைச் சம்பளம்), மொத்தச் சம்பளத்துலயான்னு ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க. மொத்தச் சம்பளம் 60,000, பேசிக் 24,000, நோட்டீஸ் 90 நாள், 30 நாள் வேலை பார்த்தாச்சுன்னு வைங்க. மீதி 60 நாளுக்கு மொத்தச் சம்பளம்னா 1,20,000, பேசிக்னா 48,000. லெட்டர்ல பேசிக்னு இருக்கும், செட்டில்மென்ட் ஷீட்ல மொத்தச் சம்பளத்தைப் போட்டிருப்பாங்க. கேட்டாத்தான் மாத்துவாங்க. அந்தப் பிடித்தத்துக்கு மேல 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தா ஒத்துக்காதீங்க, அது கிடையாதுன்னு 2022 ஆகஸ்ட்ல சுற்றறிக்கையே வந்தாச்சு.

ஜாய்னிங் போனஸைத் திருப்பிக் கேட்பாங்க. வரி பிடிச்சுக் கைக்கு வந்தது 70,000-ன்னாலும் கேக்குறது முழு 1,00,000-ஆ இருக்கும். அதே நிதியாண்டுக்குள்ள அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துட்டா அந்த வரியை ஃபார்ம் 16-ல (கம்பெனி தர்ற வரிப் பிடித்தச் சான்று) சரிபண்ணச் சொல்லலாம். மார்ச் 31 தாண்டிட்டா சிக்கல், தேதியைப் பார்த்துப் போடுங்க.

கிராஜுவிட்டி (வருஷக் கணக்கா வேலை பார்த்ததுக்கான பணிக்கொடை): கடைசிச் சம்பளம் × 15 × வருஷம் ÷ 26. அஞ்சு வருஷம் வேணும். ஆனா 4 வருஷமும், அஞ்சாவது வருஷத்துல 240 நாளும் வேலை பார்த்திருந்தாலே போதும்னு 1998-ல சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. வாரம் ஆறு நாளுக்குக் குறைவா நடக்குற ஆபீஸ்னா 190 நாள். நாலரை வருஷத்துல கோபத்துல விடுறவங்க காலண்டரை ஒருதரம் எண்ணிப் பார்த்துடணும்.

செட்டில்மென்ட் 45 நாள்னு எல்லா ஆபீஸ்லயும் சொல்வாங்க. 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி ராஜினாமா பண்ணவருக்கும் ரெண்டு வேலை நாள்ல சம்பளப் பாக்கியைக் கொடுத்துடணும். நினைவூட்டல் மெயில்ல பிரிவு 17-ன்னு எழுதிட்டா பதில் சீக்கிரம் வரும்.

குரூப் இன்சூரன்ஸ் கடைசி நாளோட போச்சு. அம்மா அப்பா அதுல இருக்காங்கன்னா அதே கம்பெனியோட தனி பாலிசிக்கு மாத்த, வெளியே வர்றதுக்கு முன்னாடியே விண்ணப்பிங்க. பழைய நோய்க்குக் க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஓடாது.

ஜவுளிக்கடை, சிறு கடை ஊழியர் சங்கத்தில் இருப்பவர்

மேலே சொன்னதெல்லாம் லெட்டர் கையில இருக்கிறவங்களுக்கு. நம்ம பக்கம் ஆஃபர் லெட்டரும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. ஓனர் "ஏய், வாடி, போடா"ன்னுதான் கூப்பிடுவாரு. அங்க வேலை பார்த்ததையே முதல்ல நிரூபிக்கணும். ஜிபேயில வந்த சம்பளம், ஈ.எஸ்.ஐ. நம்பர், அடையாள அட்டை, சீருடையோட கடைக்குள்ள எடுத்த போட்டோ, வருகைப் பதிவேட்டுல உங்க பேரு இருக்கிற பக்கம். இதுல ரெண்டு இருந்தாலே தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆபீஸ்ல மனுவை வாங்குவாங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல கொடுத்தா ரசீது நம்பரோட அங்கதான் வந்து சேரும்.

உட்காரவே விடாம நிக்க வச்சுத் திட்டுறதைத் தனியா எழுதுங்க. 2021-ல கடைச் சட்டத்துல 22-ஏ பிரிவு சேர்த்தாச்சு, இருக்கை கொடுத்தே ஆகணும்.

அட்வான்ஸ் வாங்கியிருக்கே, போக முடியாதும்பாங்க. கடன் பாக்கி இருக்குன்னு ஆளைப் பிடிச்சு வைக்கிறது 1976-ஆம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துல வரும். அதுக்குக் கோட்டாட்சியரைப் பார்க்கணும். சம்பளத்துல மொத்தப் பிடித்தம் பாதிக்கு மேல போகக் கூடாது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கொடுத்திருந்தா, இன்ன தேதியில இன்ன சான்றிதழ் கொடுத்தேன், திருப்பித் தரவும்னு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம். அந்த ரசீது இல்லாம வாயால கேட்டா "எப்ப கொடுத்தே?"ங்கிறதுதான் பதில்.

பின்னணிச் சரிபார்ப்பு வேலையில் இருப்பவர்

புதுக் கம்பெனிக்காக நாங்கள் பார்ப்பது: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம், மீண்டும் எடுப்பார்களா. மேனேஜரின் கருத்து என்று தனியாக ஒரு கட்டம் பல படிவங்களில் இருக்கும், ஆனால் யார் பெயரைத் தருவது என்பது உங்கள் கையில். பழைய டீம் லீடர், வேறு பிரிவுக்குப் போன மூத்தவர், யாராக இருந்தாலும் சரி, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரிலீவிங் லெட்டர் (முறைப்படி விடுவித்தோம் என்று கம்பெனி தரும் கடிதம்) தராமல் இழுத்தால் அதை மறைக்காதீர்கள். ராஜினாமா மெயில், ஏற்றுக்கொண்ட பதில், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், லேப்டாப் ஒப்படைத்த ரசீது, கேட்டு அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாம் ஒரே பி.டி.எஃப்.பில் இருந்தால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். நகராதது ஒன்றுதான்: தேதி பொருந்தாதது. பயோடேட்டாவில் ஜூன் 30, பி.எஃப்.பில் மே 12 என்றால் அங்கேயே நின்றுவிடும்.

ராஜினாமா மெயிலில் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த மெயில்தான் எல்லோர் கைக்கும் போகிறது. புகார் வேறு மெயில், வேறு தேதி.

வழக்கறிஞர்

இதில் மாறுபடுகிறேன். கொடுமை தாங்காமல் போகிறீர்கள், பின்னால் கேட்கப்போகிறீர்கள் என்றால் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிவிடாதீர்கள். அந்த இரண்டு சொல் பிறகு உங்களையே மறுக்கும். காரணமே சொல்லாத ராஜினாமா செல்லும். "இன்று இன்ன தேதி ராஜினாமா செய்கிறேன், நியமனக் கடிதத்தின் இன்ன பத்திப்படி 60 நாள் நோட்டீஸ், கடைசி வேலை நாள் இன்ன தேதி, எழுத்தில் உறுதிசெய்யவும்." நாலு வரி. ஹெச்.ஆர். பெயருக்கு, மேனேஜருக்கு நகல். போர்ட்டலில் போட்டாலும் இந்த மெயிலையும் போடுங்கள். விலகியவுடன் போர்ட்டல் உங்களுக்குத் திறக்காது.

பி.எஃப். பார்க்கிறவர்

பி.எஃப். வெளியேறிய தேதியை அவங்க போடாம விட்டா, கடைசிச் சந்தா வந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே யு.ஏ.என். (உங்க பி.எஃப். கணக்கு எண்) போர்ட்டல்ல 'மேனேஜ்' பக்கத்துல 'மார்க் எக்ஸிட்' போயிப் போடலாம், ஆதார் ஓ.டி.பி. வரும். கடைசிச் சந்தா எந்த மாசத்துக்கோ அந்த மாசத்துத் தேதியைத்தான் அது ஏத்துக்கும். ரிலீவிங் லெட்டர்ல இருக்கிற தேதியையே போடுங்க. லெட்டர் வரலைன்னா, நீங்க மெயில்ல எழுதுன கடைசி வேலை நாள். தப்பாப் போட்டுட்டா அப்புறம் திருத்த அலைய வேண்டியிருக்கும்.