கார் ரூஃப் துணி தொங்குகிறது, கழற்றாமல் ஒட்ட முடியுமா?

கொள்ளிடக்கரை:
வணக்கம். என்னிடம் இருப்பது 2007 மாடல் செடான். ரூஃப் துணி பின்சீட்டுக்கு மேலே பை மாதிரி தொங்கிவிட்டது. பின்னால் உட்காருகிறவர்கள் தலையில் உரசுகிறது, உள்கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கம் பாதி மறைகிறது. துணியைத் தொட்டால் மஞ்சளாகத் தூள் கொட்டுகிறது. இஞ்சின் நன்றாக ஓடுவதால் வண்டியை விற்க மனசில்லை. சிரிஞ்சில் பசை ஏற்றித் துணிக்குப் பின்னால் விட்டு அழுத்தினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். வீட்டிலேயே செய்யத்தான் ஆசை. எந்தப் பசை வாங்கலாம்?

ஈரோட்டு வண்டி:
பசை வாங்கும் முன் துணியில் பழுப்பு வளையமாகக் கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆன்டெனா அடியிலோ கண்ணாடி ரப்பர் ஓரத்திலோ தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். முதலில் அதை அடைக்க வேண்டும். வேலை தொடங்கும் வரை திருகு ஊசி குத்தித் துணியைத் தூக்கி வைக்கலாம். உள்கண்ணாடி மறையாமல் இருந்தால்தான் பாதுகாப்பு.

புதுப்பேட்டை குஷன்:
தம்பி, சிரிஞ்ச் யோசனையை விட்டுவிடுங்கள். சீட்டும் ரூஃபும்தான் என் தொழில், அதனால் அடித்துச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் பசை விட்டுப்போகவில்லை, ஸ்பாஞ்ச் செத்துவிட்டது. ரூஃப் துணியின் முதுகில் 3 மி.மீ. போல மெல்லிய பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் இருக்கும். துணி ஸ்பாஞ்சோடும், ஸ்பாஞ்ச் கூரைத் தகரத்துக்கு அடியில் இருக்கும் அட்டையோடும் ஒட்டியிருக்கும். வெயில் சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அதை அரித்துவிடும். நீங்கள் பார்க்கிற மஞ்சள் தூள் அதுதான். அதன் மேல் எவ்வளவு நல்ல பசையை விட்டாலும் தூளைத்தான் பிடிக்குமே தவிர அட்டையைப் பிடிக்காது. துணியில் ஊறிக் கறை வேறு படும்.

அட்டையை வெளியே எடுத்தே ஆக வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சன் வைசர், கைப்பிடி, உள்விளக்கு, கண்ணாடிகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண்களை மூடிய பிளாஸ்டிக், கதவோர ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் எடுத்தால் அட்டை இறங்கும். முன்சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, இரண்டு பேராகப் பிடித்துக் கதவு வழியாக வாங்குங்கள். அட்டை மடங்கினால் விழும் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. பழைய துணியை உரித்துவிட்டு, மிச்ச ஸ்பாஞ்சை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அட்டையைக் கிழித்துவிடும். பல அட்டைகளில் கண்ணாடி இழை இருக்கும், அரிக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். துடைக்கிற துணியில் தூள் வராத வரைக்கும் தேய்க்க வேண்டும். அரை நாள் போனாலும் போகட்டும். ரூஃப் நிற்பதும் விழுவதும் இந்தத் தேய்ப்பில்தான். பசையை எல்லோரும் விசாரிக்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

கொள்ளிடக்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. வீட்டில் வெள்ளை ஃபெவிகால் இருக்கிறது, ஆகுமா? திரைத்துணி மிச்சமும் இருக்கிறது.

புதுப்பேட்டை குஷன்:
இரண்டும் ஆகாது தம்பி. வெள்ளை ஃபெவிகால் மரத்துக்கு. இதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் சொல்யூஷன் வேண்டும், இல்லையென்றால் ரூஃபுக்கென்றே சூடு தாங்கும்படி வருகிற ஸ்ப்ரே. சாதாரண கைவினை ஸ்ப்ரே வெயிலில் இளகிவிடும்.

திரைத்துணி இழுபடாது. சன் வைசர் பள்ளத்தில் சுருக்கம் விழும், ஸ்பாஞ்ச் இல்லாததால் அட்டையின் மேடு பள்ளமெல்லாம் தெரியும். சீட் கவர் கடைகளில் ஸ்பாஞ்ச் வைத்த ரூஃப் துணி கிடைக்கும். சென்னைப் பக்கம் வந்தால் ஜிபி ரோட்டில் பார்க்கலாம். அட்டையை அளந்து, நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வாங்குங்கள்.

துணியை அட்டை மேல் விரித்துப் பாதியை மடித்துப் போடுங்கள். அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிசாகப் பூசுங்கள், கெட்டியாகப் பூசினால் துணி வரை ஊறும். விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். பள்ளங்களில் முதலில் துணியைத் தளர்வாக உள்ளே இறக்கிவிட்டுப் பிறகு வெளியே நகருங்கள், இழுத்துக் கட்டினால் பிறகு அங்கேதான் எழும்பும். ஒட்டியதை உரித்தால் ஸ்பாஞ்ச் கிழிந்துவிடும். அடுத்து மறுபாதி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள். சொல்யூஷன் காயும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பிடிப்பு போய்விடும். திறந்த இடத்தில் செய்யுங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது.

ஈரோட்டு வண்டி:
மற்றவர்களுக்கும் ஒன்று. தூண் பிளாஸ்டிக்கில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் ரூஃப் ஓரத்திலும் காற்றுப்பை மடித்து வைத்திருக்கலாம். விரியும்போது அது அட்டையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டுதான் இறங்கும். அந்த ஓரத்தைப் பசை போட்டு வண்டியோடு ஒட்டக் கூடாது, ஊசியும் குத்தக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியில் அட்டையைக் கழற்றுவதையும் மாட்டுவதையும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, துணி ஒட்டுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.