மறுமொழி: கோட்டம், நூல்நேர், ஆட்டம் – அடிபட்ட வண்டிக்கு ஒரே சொல் போதாது

எல்லாருக்கும் வணக்கம்,

வண்டிப் பட்டறை வேலைங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடற இந்த இழைய ஆரம்பத்துலேருந்தே படிச்சிட்டு வரேன், பதில் போடத்தான் முடியல. வலது பக்க காறையெலும்பு இப்பதான் கூடியிருக்கு, ரெண்டு கையாலயும் தட்டச்சு பண்ணவே போன வாரம்தான் ஆரம்பிச்சேன். ஏன் உடைஞ்சுதுங்கறதும் இந்தப் பேச்சுக்கு சம்பந்தப்பட்டதுதான், அதனால அதையும் சொல்லிடறேன்.

கோயம்புத்தூர் தம்பி எழுதியிருந்தது:

> ட்ரூயிங், ஸ்ட்ரெயிட்டனிங், அலைன்மென்ட் எல்லாமே நேரா ஆக்கற வேலைதானே, மூணுக்கும் 'சீரமைத்தல்'னு ஒரே சொல் வச்சுடலாம், மக்களுக்கு ஈஸியா இருக்கும்

தம்பி, இத நான் ஒத்துக்க மாட்டேன். ட்ரூயிங்னா சுத்தும்போது அலையற ரிம்ம நேராக்கறது, ஸ்ட்ரெயிட்டனிங்னா வளைஞ்ச குழாய், சேசிஸ நிமித்தறது, அலைன்மென்ட்னா ரெண்டு சக்கரத்தையும் ஒரே கோட்டுல நிறுத்தறது. சொல் அழகுக்காக சொல்லல. மூணு வேலைய ஒரே சொல்லுல அடைச்சதால நான் பட்டது அப்படி.

எங்க அப்பாவோட புல்லட் 350, 1978 மாடல். வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், ஹேண்டில்ல டீகம்ப்ரசர் லிவர், ஹெட்லைட் மூடிக்கு மேல ஆம்மீட்டர், அந்தக் காலத்து வண்டி. போன ஐப்பசி மழையில திண்டிவனம் தாண்டி வரும்போது குறுக்க நாய் பாஞ்சுது, பிரேக் அடிச்சேன், வண்டி வழுக்கி முன் சக்கரம் சென்டர் மீடியன் கல்லுல போய் மோதிடுச்சு. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். ஆஸ்பத்திரி வேலையெல்லாம் முடிச்சு மச்சான்தான் வண்டிய ஒரு வொர்க்ஷாப்ல விட்டார். ரெண்டு வாரத்துல வண்டி பளபளன்னு வந்துச்சு, பில்லுல ஒரே வரி: 'அலைன்மென்ட்'. என்ன பண்ணீங்கன்னு கேட்டா "எல்லாம் சரி பண்ணியாச்சு சார்". நான் ஓட்டற நிலைமையில இல்ல, மச்சான் ஓட்டிப் பாத்தார், அம்பதுக்கு மேல போய் கைப்பிடிய கொஞ்சம் லேசா விட்டா வண்டி தானா இடது பக்கம் இழுக்குது.

அப்புறம் புதுப்பேட்டையில ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனோம், எழுபது வயசு இருக்கும், கையில ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் வண்டிய சுத்தி சுத்தி வந்து பாத்தார். முன் சக்கரத்த ஸ்டாண்டுல தூக்கி, ஒரு சாக்பீஸ ஃபோர்க்குல முட்டுக்கொடுத்து ரிம்முக்கு முடியளவு தள்ளி புடிச்சுகிட்டு சக்கரத்த மெதுவா சுத்தினார். ரிம் எங்கயாவது ஒரு பக்கம் சாஞ்சிருந்தா அந்த இடத்துல மட்டும் சுண்ணாம்பு கோடு விழும். விழல. அப்புறம் போக்ஸ் கம்பிய ஒவ்வொண்ணா ஸ்பேனர் முனையால தட்டிகிட்டே போனார், எல்லாம் ஒரே மாதிரி டிங் டிங்னு பேசுது, ஒண்ணு கூட மந்தமா ஒலிக்கல. "இதுல கோட்டம் நல்லா எடுத்திருக்கான்"னு சொன்னார். சொல்லிட்டு உள்ள போய் ஒரு நூல்கண்டு எடுத்துட்டு வந்தார்.

பின் டயருக்குப் பின்னால நூலைக் கட்டி, ரெண்டு பக்கமும் டயர ஒட்டி முன்னால வரைக்கும் இழுத்து, நான் ஒரு முனை மச்சான் ஒரு முனைன்னு புடிக்கச் சொன்னார். ஹேண்டில நேரா வச்சா முன் டயருக்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கணும். எங்க வண்டியில இடது பக்கம் ஒரு நூல், வலது பக்கம் மூணு நூல். (நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, பட்டறையில இன்னும் அந்தக் கணக்குதான்.) பெரியவர் நிமிந்து பாத்து சொன்னது இன்னும் காதுல இருக்கு: "சக்கரத்துல கோட்டம் இல்ல தம்பி, வண்டியில இருக்கு. அவன் நூல் புடிக்கல."

இதத்தான் நான் இந்தக் குழுவுக்கு சொல்ல வரேன். முதல் வொர்க்ஷாப்காரர் பொய் சொல்லல, சக்கரத்த உண்மையிலயே ஒழுங்கா எடுத்திருக்கார். ஆனா அவர் பில்லுல போட்ட அந்த ஒத்த சொல்லுக்குள்ள மூணு வேலை இருக்கு, அதுல ஒண்ணுதான் நடந்திருக்கு, மத்த ரெண்டும் நடக்கலன்னு எனக்கும் தெரியல, ஏன், அவருக்கே தெரிஞ்சுதான்னு தெரியல. 'சீரமைத்தல்'னு நாம தமிழ்ல எழுதி வச்சாலும் இதே கதிதான். பெரியவர்கிட்ட மூணுக்கும் தனித்தனி பேச்சு இருந்துச்சு, அதனாலதான் எது நடந்திருக்கு எது நடக்கலன்னு அவரால பிரிச்சு சொல்ல முடிஞ்சுது.

சரி, ஒவ்வொண்ணா வரேன்.

கோட்டம். இது நான் உருவாக்கின சொல் இல்ல, தமிழ்நாட்டுல எந்த சைக்கிள் கடையிலயும் கேக்கலாம், "வீல் கோட்டமா இருக்கு", "கோட்டம் எடுக்கணும்". சின்ன வயசுல சைக்கிள குழியில விட்டுட்டு வீட்டுக்கு பயந்து கடைக்குத் தள்ளிட்டுப் போன எல்லாருக்கும் தெரிஞ்ச சொல். கொடு, கோடு, கோணல், கொடுங்கோல் இதெல்லாம் வளைவுங்கற ஒரே வேர்லேருந்து வந்ததுதான். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்துல 'சொற்கோட்டம் இல்லது செப்பம்'னு சொல்றார் (119). சொல்லுல கோணல் இல்லாம இருக்கறதுதான் செப்பம். அந்த 'செப்பம்'தான் இன்னைக்கு நாம சாலைய செப்பனிடறோம், வண்டிய செப்பனிடறோம்னு எழுதற சொல்லுல இருக்கு. கோட்டத்த எடுத்தா கிடைக்கறது செப்பம்னு குறள்லயே ரெண்டு சொல்லும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு, சைக்கிள் கடைக்காரர் அதுல ஒண்ண இன்னைக்கும் கையில எண்ணெயோட சொல்லிட்டிருக்கார். இத விட்டுட்டு நாம புதுசா எதுக்கு ஒண்ணு செய்யணும்?

'எடுத்தல்'ங்கறதையும் கவனிங்க. சுளுக்கு எடுக்கறோம், சிக்கு எடுக்கறோம், ஒடுக்கு எடுக்கறோம். வந்து சேந்த குறைய வெளிய எடுத்துட்டா பொருள் தன்னோட பழைய நிலைக்கே திரும்பிடும்ங்கற நினைப்பு அந்த வினையிலயே இருக்கு. 'நேர்ப்படுத்துதல்'ல அது இல்ல.

சேலத்து ஐயா கேட்டிருந்தீங்க:

> கோட்டம் என்றால் இன்று மக்கள் மனத்தில் வருவது வள்ளுவர் கோட்டமும் கோட்டப் பொறியாளர் அலுவலகமும் அல்லவா? மயக்கம் தராதா?

ஐயா, நியாயமான கேள்விதான், நானும் ரெண்டு நாள் இதையே யோசிச்சேன். ஆனா சக்கரத்துக்குப் பக்கத்துல அந்தச் சொல் வரும்போது யாருக்கும் மயக்கம் வந்து நான் பாத்ததில்ல. 'படி'ங்கற ஒரு சொல்ல வச்சுகிட்டு நாம மாடி ஏறறோம், அரிசி அளக்கறோம், பாடம் படிக்கறோம், பயணப்படி வாங்கறோம், எங்கயும் குழம்பல. வேணும்னா எழுத்துல 'சக்கரக் கோட்டம்', 'குழாய்க் கோட்டம்', 'சட்டகக் கோட்டம்'னு எதோட கோட்டம்ங்கறத முன்னாடி சேத்துக்கலாம். மூணாவத கொஞ்சம் விளக்கிடறேன், ஏன்னா எங்க வண்டியில கடைசியா மாட்டினது அதுதான்.

பெரியவர் முன்பக்கத்த முழுசா கழட்டினார். ஃபோர்க் குழாய் ரெண்டையும் ஒரு தடிச்ச கண்ணாடிப் பலகை மேல உருட்டினார், வலது குழாய் வழுக்கிட்டுப் போகுது, இடது குழாய் உருள உருள அடியில வெளிச்சம் தெரியுது மறையுது தெரியுது மறையுது. அதுதான் குழாய்க் கோட்டம். லேசான கோட்டம்னா பிரஸ்ல வச்சு எடுத்துடலாமாம், இதுல கீழ் பிராக்கெட்டுக்கு கிட்ட ஒரு மடிப்பே விழுந்திருந்துச்சு, மடிப்பு விழுந்தத நிமித்தினா அந்த இடத்துலயே பின்னாடி விட்டுப் போகும்னு மாத்திட்டார், தீ காட்டி நிமித்தறேன்னு யாராச்சும் சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுன்னும் சொன்னார். அப்புறம் சேசிஸ், அதாவது சட்டகம். புல்லட்டுல கீழ சுத்தி வர்ற தொட்டில் கிடையாது, முன்னால இறங்கற ஒத்தக் குழாய் இன்ஜினுக்கு முன்னால வந்து நின்னுடும், அங்கேருந்து இன்ஜினே சேசிஸோட ஒரு பாகம். அதனால அந்தக் குழாய் கொஞ்சம் பின்னால போனாலும் இன்ஜின் போல்ட் ஓட்டை ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. பெரியவர் போல்ட்ட கையால உள்ள தள்ளிப் பாத்தார், பாதியில நின்னுடுச்சு. முன்னாடி பாத்தவங்க அதே போல்ட்ட சுத்தியலால அடிச்சு ஏத்தியிருந்தாங்க, மரையெல்லாம் நசுங்கியிருந்துச்சு. "கையால போகணும். சுத்தியல் கேட்டுச்சுன்னா கோட்டம் உள்ளயே இருக்குன்னு அர்த்தம்." இந்த ஒரு சோதனைய பழைய புல்லட் வச்சிருக்கற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும், விழுந்த வண்டிய திரும்ப வாங்கும்போது போல்ட் கையால போச்சான்னு கேளுங்க.

சக்கரக் கோட்டத்துலயே ரெண்டு வகை இருக்கு, இங்க மட்டும் நாம சொல் சேக்க வேண்டியிருக்கு. ரிம் இடம் வலமா ஆடறது ஒண்ணு, மேலும் கீழுமா எழும்பி இறங்கறது இன்னொண்ணு. முதல் வகையில ரிம் வலப்பக்கம் சாஞ்சா இடப்பக்கம் போற கம்பிய கால் சுத்து முறுக்கி வலப்பக்கக் கம்பிய அதே அளவு தளத்தணும். ரெண்டாவதுல மேடா இருக்கற இடத்துல ரெண்டு பக்கக் கம்பியையும் சேத்து முறுக்கணும். வேலை வேற, அதனால பேரும் வேற வேணும். பெரியவர் ரெண்டையும் கோட்டம்னுதான் சொன்னார், எதுன்னு கையாலதான் ஆட்டிக் காட்டினார். எழுத்துக்கு கை கிடையாதே, அதனால என் பரிந்துரை: பக்கக்கோட்டம், மேட்டுக்கோட்டம்.

இதோட சேத்து 'ஆட்டம்'. ஒரு அக்கா இதையும் கோட்டத்தையும் ஒண்ணா எழுதியிருந்தீங்க, வேண்டாம் அக்கா. சக்கரம் நிக்கும்போது மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினா லொடலொடன்னு அசையுதுன்னா அது ஆட்டம், பேரிங்கோ கோன்செட்டோ தேஞ்சிருக்கு. நிக்கும்போது கெட்டியா இருந்து சுத்தும்போது மட்டும் அலையுதுன்னா அது கோட்டம். ஆட்டத்துக்குப் போய் கம்பிய முறுக்கினா நல்ல சக்கரமும் கெட்டுப்போகும். இங்கிலீஷ் மேனுவல்ல 'பிளே'ன்னு வர்ற எல்லா இடத்துக்கும் 'ஆட்டம்' பொருந்தும்னு நினைக்கறேன், கிளட்ச் கேபிள்ல வேணும்னே விடற இடைவெளிக்கு மட்டும் 'விடாட்டம்'னு வைக்கலாமா? அது குறை இல்ல, தேவை, அதனால வேறுபடுத்தினா நல்லது.

பெட்ரோல் தொட்டி தகடு உள்வாங்கினதுக்கு 'ஒடுக்கு' ஏற்கனவே இருக்கு. பாத்திரக் கடையிலேருந்து கார் பட்டறை வரைக்கும் அதே சொல். அதுல விவாதமே தேவையில்ல.

இப்ப அலைன்மென்ட். இங்கதான் குழுவுல நிறைய சொல் வந்திருக்கு, ஒருங்கமைவு, நேர்சீர், ஒழுங்கமைவு. எனக்கு எதுலயும் சக்கரம் தெரியல. நான் முன்வைக்கறது 'நூல்நேர்'. வேலைக்கு 'நூல் பிடித்தல்', நிலைமைக்கு 'நூல்நேர்'. "சக்கரம் ரெண்டும் நூல்நேரா இருக்கு", "நூல்நேர் ரெண்டு நூல் தப்பியிருக்கு". கொத்தனார் சுவருக்கு நூல் புடிக்கறார், ஆசாரி பலகைக்கு நூல் அடிக்கறார், 'நூல் புடிச்ச மாதிரி'ன்னு நாம எல்லாரும் பேசறோம், கேட்ட உடனே அர்த்தம் விளங்கும்.

> இப்போ எல்லா இடத்துலயும் லேசர் வந்தாச்சு அண்ணே, நூல் பழசாகிடுமே

வண்டியில குதிரை இல்லாம போய் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி, இன்னும் குதிரைத்திறன்னுதான் சொல்றோம். லேசரும் ஒரு நூல்தான், ஒளி நூல்.

1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் புல்லட் செஞ்ச இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சாங்க, திருவொத்தியூர்ல ஃபேக்டரி போட்டாங்க. இங்கிலாந்துல ரெடிச்ங்கற ஊர்ல இருந்த தாய்க் கம்பெனியே பின்னாடி மூடிட்டாங்க, புல்லட் இங்க நிக்கவே இல்ல. இத்தன வருஷமா தமிழ் பேசற கைங்கதான் இந்த வண்டிய கோத்து, கழட்டி, அடிபட்டா நிமித்தி ஓட வச்சிருக்கு. அந்தக் கைங்க பேசின சொல்ல யாரும் எழுதி வச்சு நான் பாத்ததில்ல. நான் பாத்த அகராதிங்கள்ல கோட்டத்துக்கு வளைவு, கோணல், கோயில், நாட்டுப் பகுதின்னு போட்டிருக்கு, 'சக்கரத்தின் நேர் பிறழ்வு. பட்டறை வழக்கு'ன்னு ஒரு வரி இல்ல. அந்த ஒரு வரிய சேக்கணும்னு நான் மனசார கேட்டுக்கறேன்.

எதிர்ப்பு இல்லன்னா வர்ற ஞாயிறு நம்ம சொற்பட்டியல்ல கோட்டம், கோட்டம் எடுத்தல், பக்கக்கோட்டம், மேட்டுக்கோட்டம், நூல்நேர், நூல் பிடித்தல், ஆட்டம் இவ்வளவையும் ஏத்திடறேன். 'விடாட்டம்' மட்டும் உங்க கருத்துக்குக் காத்திருக்கு.

ஒண்ணு பாக்கி இருக்கு. ஹேண்டில் திரும்பற அச்ச தரை வரைக்கும் நீட்டினா ஒரு புள்ளி விழும், டயர் தரைய தொடற புள்ளி அதுக்குக் கொஞ்சம் பின்னால இருக்கும், நடுவுல இருக்கற அந்த தூரம் வண்டி தானா நேரா ஓட உதவுது, முன்னால மோதி ஃபோர்க் பின்னால மடங்கினா மாறிப்போறதும் அதுதான். 'டிரெயில்'னு சொல்றாங்க. இதுக்கு பெரியவர்கிட்டயும் சொல் இல்ல, "வண்டிக்கு ஒரு பின்னிழுப்பு இருக்கு"ன்னு மட்டும் சொன்னார். 'பின்னிழுப்பு' போதுமா, இல்ல தேரு வேலை, மாட்டுவண்டி வேலை தெரிஞ்சவங்ககிட்ட வேற சொல் இருக்கா? உங்க ஊர் ஆசாரிங்கள யாராச்சும் கேட்டு எழுதுங்க.