பிரிட்டிஷ் டேபிள்டாப் ஆர்பிஜி ஆடின அனுபவம் இருந்தா சொல்லுங்க, எலி பிடிக்கிறவன்ல இருந்து நான் ஆரம்பிக்கிறேன்

ஷெஃபீல்ட்_எலிக்காரன்:

டேபிள்டாப் ஆர்பிஜின்னா நாலு பேர் சுத்தி ஒக்காந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாப் பேசி, பகடை போட்டுக் கதைய நகத்துற ஆட்டம். அதுல அமெரிக்காவோட டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க, ஆனா பிரிட்டன்ல பொறந்த கேம் ஆடின அனுபவத்த யாரும் எழுதி நான் பாக்கல, அதான் நானே ஆரம்பிக்கிறேன். வேலைக்காக ஷெஃபீல்ட் வந்த புதுசுல ஆபீஸ்ல ஒருத்தர் வார்ஹாமர் ஃபேண்டஸி ரோல்பிளேன்னு ஒரு பிரிட்டிஷ் ஆர்பிஜி நடத்துறேன், பப் மாடியில வியாழக்கிழமை ராத்திரி, வர்றியான்னு கேட்டாரு. ஊர்ல ஃப்ரெண்ட்ஸோட டி அண்ட் டி ஆடின பழக்கத்துல பெரிய வாளோட ஒரு வீரன எடுத்துக்கலாம்னுதான் மனசுல நெனச்சுட்டுப் போனேன்.

அங்க போனா மொதல்ல நம்ம ஆளோட தொழில் என்னன்னு தெரிய நூறுக்குப் பகடை போடச் சொன்னாங்க. பத்துமுகப் பகடை ரெண்டு, ஒண்ணு பத்தாம் இடத்துக்கு, இன்னொண்ணு ஒண்ணாம் இடத்துக்கு. நாங்க ஆடினது 2018ல கியூபிகிள் 7 கம்பெனி கொண்டு வந்த நாலாவது எடிஷன், அதுல மொதல் தடவை விழுந்த தொழிலையே ஏத்துக்கிட்டா 50 எக்ஸ்பி (ஆள வளத்துக்குற அனுபவப் புள்ளி), மூணு தொழில் போட்டுப் பாத்து அதுல ஒண்ண எடுத்தா 25, நம்ம இஷ்டத்துக்கு எடுத்தா ஒண்ணும் கிடையாது. எனக்கு விழுந்தது எலி பிடிக்கிறவன். அவன் கையில இருக்குறது ஒரு கவண், ஒரு சாக்கு, அப்புறம் ஒரு நாய், சின்னது ஆனா மூர்க்கமானதுன்னு ரூல்புக்லயே போட்டிருக்கு. பக்கத்துல இருந்தவங்களுக்குப் பிச்சைக்காரி, படகோட்டி, கல்லறையத் தோண்டித் திருடுறவன். நாலு பேர்ல ஒருத்தர்கிட்டயும் உருப்படியா ஒரு வாள் இல்ல. ஆனா பத்தே நிமிஷத்துல நாலு பேரும் யாரு, எந்தத் தெருவுல குடியிருக்காங்க, யாருக்குக் கடன் பாக்கின்னு எங்களுக்கே தெரிஞ்சு போச்சு, வீரனையும் மந்திரவாதியையும் வெச்சு ஆடினப்போ இது ஒரு நாளும் எனக்கு நடந்ததில்ல.

சண்டையப் பத்தி ஒண்ணு சொல்லணும். அடி விழுந்துச்சான்னு பாக்குற அதே நம்பரத் திருப்பிப் போட்டா எங்க விழுந்துச்சுன்னு தெரியும். 40 போட்டு அடி பட்டா அது 04, அதாவது தலை. 23 போட்டா 32, வலது கை. பகடைய ரெண்டாவது தடவ தொடவே வேண்டாம். காயம் நம்ம ஆள் தாங்குற புள்ளிக்கு மேல போச்சுன்னா அந்தந்த உறுப்புக்குத் தனித்தனி பட்டியல் இருக்கு, விரல் போறது, காது போறது, எலும்பு முறியுறது எல்லாம் அதுல வரும். அதனால ஒரு சந்துல ரெண்டு ரவுடி வந்து நின்னாலே டேபிள்ல சத்தம் அடங்கிடும், ஓடிடலாமா, காசு குடுத்துடலாமான்னு நிஜமாவே யோசிப்போம்.

எனக்கு இன்னும் மறக்காத சீன் இதுதான். சாக்கடைக்குள்ள எலி புடிக்கப் போனவன் எலி உருவத்துல மனுஷன் மாதிரி நிமிர்ந்து நடக்குற ஒண்ணப் பாத்துட்டு வெளிய ஓடி வர்றான். வார்ஹாமர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அதுங்க பேரு ஸ்கேவன், நகரங்களுக்கு அடியில கூட்டமா வாழுதுங்க, ஆனா அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னுதான் கதை நடக்குற பேரரசுல படிச்சவங்க எல்லாரும் சொல்லுவாங்க. காவல்காரன்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். கேம் மாஸ்டர், அதாவது கதைய நடத்துறவரு, அந்தக் காவல்காரனாவே மாறி என் சாக்க மேலயும் கீழயும் பாத்துட்டு, "பெரிய எலியா இருந்திருக்கும், காசு ஜாஸ்தியா கேக்கறதுக்குக் கத கட்டுறியா"ன்னு கேட்டாரு. நானே ஒரு வழக்கறிஞரா, ஒரு பிரபுவா இருந்திருந்தா கேட்டிருப்பான்ல. அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து ரொம்ப நேரம் அதையே நெனச்சுட்டு இருந்தேன், உண்மை தெரிஞ்சவன் பேச்ச ஊர் நம்பாதுங்கறத ஒரு சாதாரண சீன் இவ்வளவு ஆழமா காட்டிடுச்சேன்னு. 1986ல மொதல் எடிஷன் வந்ததுல இருந்து எலி பிடிக்கிறவன் இந்த கேம்ல இருக்கான், அது சும்மா இல்ல.

உங்க அனுபவத்தயும் எழுதுங்க.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:

தம்பி, உங்கட எலிக்காரன் கதை வாசிக்க நல்ல சந்தோசமா இருக்கு. நான் சின்னப் பெடியனா யாழ்ப்பாணத்தில இருந்து லண்டனுக்கு வந்தனான், எண்பதுகளின்ர கடைசி. இங்கிலீஷ் கொஞ்சம் விளங்கும், ஆனா கதைக்க வராது. வீட்டுக்குக் கிட்ட இருந்த லைப்ரரியில ஒரு பச்சை முதுகுப் புத்தகம் கிடைச்சுது, ஃபைட்டிங் ஃபேண்டஸி வரிசையில முதலாவது, ஃபயர்டாப் மலை மந்திரவாதியின்ர கதை, 1982இல பஃபின் போட்டது. உள்ளுக்கை 400 பந்தி. ஒண்டை வாசிச்சு முடிய வலப்பக்கம் போறதெண்டா இந்த நம்பருக்குப் போ, கதவை உடைக்கிறதெண்டா அந்த நம்பருக்குப் போ எண்டு வரும். கதை முழுக்க "நீ" எண்டுதான் கதைக்கும். நீ நடக்கிறாய், உனக்கு முன்னால ஒரு கதவு. அந்த ஊரில என்னோட அப்பிடி நேர கதைச்ச முதல் ஆள் அந்தப் புத்தகந்தான் எண்டு சொல்லலாம்.

பகடை லூடோ பெட்டியில இருந்து எடுத்தது. என்ர ஆளின்ர ஸ்கில்லுக்கு (திறமை) ஒரு பகடையில விழுந்ததோட 6 கூட்டவேணும், ஸ்டமினாவுக்கு (உடம்புப் பலம்) ரெண்டு பகடையோட 12, லக்குக்குத் திரும்ப ஒரு பகடையோட 6. சண்டை எண்டால் ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு பகடை போட்டு ஸ்கில்லைக் கூட்டி, குறைஞ்ச ஆளுக்கு ஸ்டமினா 2 போகும். அப்பா ஒருநாள் பக்கத்தில வந்து இருந்து பாத்திட்டு, "இது கதைப் புத்தகமோ, கணக்குப் புத்தகமோ?" எண்டு கேட்டவர். ரெண்டும் எண்டு சொன்னனான், சரி படி எண்டு விட்டிட்டார்.

மலைக்குள்ள இருக்கிற அந்தச் சுத்துமாத்து வழிகளுக்கு, சதுரக்கோடு போட்ட கணக்குக் கொப்பியில படம் கீறித்தான் தப்பினனான். கடைசியில மந்திரவாதியை வெண்டாலும் காணாது, பெட்டியைத் திறக்கச் சரியான மூண்டு திறப்பு வேணும், ஒவ்வொண்டிலயும் ஒரு நம்பர், மூண்டையும் கூட்டி வாற பந்திக்குத்தான் போகவேணும். பள்ளிக்கூடத்தில மத்தியான இடைவேளைக்கு நான் சத்தமா வாசிக்க, மற்றப் பெடியள் சுத்தி நிண்டு எங்க போறதெண்டு சண்டை பிடிப்பாங்கள். எனக்கு இங்கிலீஷ் வாய் திறந்தது அங்கதான். அந்தப் புத்தகத்தை ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் சேந்து எழுதினவை, மலைக்குள்ள ஆறு வாற வரைக்கும் லிவிங்ஸ்டன், அதுக்கங்கால ஜாக்சன். 1975இல, வார்ஹாமரைப் போட்ட கொம்பனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கின மூண்டு பேரில இவை ரெண்டு பேர். அமெரிக்காவில இருந்து டி அண்ட் டி ஆறே ஆறு பெட்டி எடுப்பிச்சு, அதோடயே ஐரோப்பா முழுக்க விக்கிற உரிமையையும் வாங்கினவை. 2022இல லிவிங்ஸ்டனுக்கு சேர் பட்டம் குடுத்தது கேட்டு எங்கட வீட்டில ஒரு சொந்தக்காரருக்குக் கிடைச்ச மாதிரி எனக்குப் பெருமை.

பால்டர்ஸ்கேட்_பைத்தியம்:

நான் டேபிள்ல ஒக்காந்து ஆடினதே இல்ல, ஆனா டி அண்ட் டி உலகத்துல நடக்குற பால்டர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டர் கேம் ஆடினவங்க எல்லாருக்கும் லேஸெல் தெரியும்ல, அந்த கித்யாங்கி இனத்துப் பொண்ணு. அந்த இனத்த உருவாக்கினது யாருன்னு தேடினா சார்லஸ் ஸ்ட்ராஸ், இப்போ பெரிய சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர், அப்போ லீட்ஸ்ல பொறந்த ஒரு டீன்ஏஜ் பையன், அண்ணை சொன்ன அதே கம்பெனியோட ஒயிட் டுவார்ஃப் மேகசினுக்கு அனுப்பின அரக்கன் அது. வாசகர்கள் அனுப்புற அரக்கர்களுக்குன்னே அதுல ஒரு பகுதி இருந்திருக்கு, அதுல வந்தது நிறைய சேந்துதான் 1981ல ஃபீண்ட் ஃபோலியோன்னு டி அண்ட் டி புக்கா வந்துச்சு, அட்டைப்படமே கித்யாங்கிதான். தபால்ல ஒரு பேப்பர் அனுப்பின பையனோட கற்பனை 2023ல என் லேப்டாப்ல வந்து என்ன அதட்டுதுன்னு நெனைக்கவே புல்லரிக்குது.

பர்மிங்காம்_மாணவி:

நான் இங்க மாஸ்டர்ஸ் படிக்கிறேன். யூகே கேம்ஸ் எக்ஸ்போன்னு ஒரு கேம் திருவிழா இங்க என்ஈசி ஹால்லதான் நடக்கும், போனப்போ டிராகன் வாரியர்ஸ்னு ஒரு பழைய கேம் டேபிள்ல எடம் கெடச்சுது. 1985ல டேவ் மாரிஸ், ஆலிவர் ஜான்சன் ரெண்டு பேரும் எழுதினது, பெரிய பெட்டியெல்லாம் இல்லாம சாதாரண பேப்பர்பேக் புக்கா ஆறு பாகம், அதனால கைக்காசு வெச்சிருந்த ஸ்கூல் பசங்களாலயும் வாங்க முடிஞ்சுதாம். அந்த டேபிள்ல ஒரு அரக்கனக்கூட நாங்க வெட்டல. ஒரு குக்கிராமம், பனி, ஒரு வீட்டு நெலப்படியில இரும்பு அடிச்சு வெச்சிருக்காங்க, ஏன்னு கேட்டா யாரும் வாய் தொறக்கல, கெழவி ஒருத்தி மட்டும் ராத்திரி யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் மூணாவது தடவைக்கு முன்னாடி பதில் சொல்லாதீங்கன்னா. எங்க அப்பாயி சொல்ற அதே எச்சரிக்கை, எனக்கு அங்கயே கை சில்லிட்டுப் போச்சு.

மறுநாள் பஸ் புடிச்சு சேர்ஹோல் மில் போனேன். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதின டோல்கின் 1896ல இருந்து 1900 வரைக்கும் சின்னப் பையனா அது பக்கத்துலதான் இருந்தாரு. மாவு அப்பின மூஞ்சியோட வந்து வெரட்டுற மில்காரப் பையனுக்கு டோல்கினும் அவர் தம்பியும் வெள்ளை ஓகர் (மனுஷனத் திங்கிற ராட்சசன்)னு பேரு வெச்சிருந்தாங்க, காளான் பறிச்சதுக்குத் தொரத்தின விவசாயி கறுப்பு ஓகர். இந்த ஊர் கேம் எல்லாத்துலயும் வர்ற சேறும் ஆலையும் பயமும் அந்தக் கொளத்தங்கரையில நின்னா நல்லாவே தெரியுது, ஆர்பிஜி ஆடுறவங்க கண்டிப்பா போங்க.

ஷெஃபீல்ட்_எலிக்காரன்:

பர்மிங்காம் தங்கச்சி, டோல்கினோட இன்னொரு பிரிட்டிஷ் ஃபேண்டஸி எழுத்தாளரையும் சேத்துக்கணும், மைக்கேல் மூர்காக். நல்லவன் கெட்டவன்னு பிரிக்காம ஒழுங்கு ஒரு பக்கம், கேயாஸ், அதாவது குழப்பம், ஒரு பக்கம்னு வெச்சவர் அவரு, வார்ஹாமர்ல வர்ற எட்டு அம்பு கேயாஸ் சின்னம்கூட அவர் கதையில இருந்து வந்ததுதான். அதனாலதான் எங்க டேபிள்ல கேயாஸ் ஒரு அரக்கனா வெளிய இருந்து வராது, பக்கத்து வீட்டு வியாபாரிக்கு உள்ள இருந்து வரும். அண்ணை, நீங்க எழுதினத எங்க கேம் மாஸ்டருக்கு இங்கிலீஷ்ல சொன்னேன், அவரும் அதே புக்ல ஆரம்பிச்சவராம்.

புதுசா_வந்தவன்:

இதெல்லாம் படிச்சு ஆசையா இருக்கு, எங்க ஆரம்பிக்கணும்?

ஷெஃபீல்ட்_எலிக்காரன்:

தனியா ஆடணும்னா அண்ணை சொன்ன புக், ரெண்டு பகடை, பென்சில் போதும். மூணு நாலு பேர் இருந்தா வார்ஹாமர் நாலாவது எடிஷன் ஸ்டார்ட்டர் செட் வாங்குங்க, உபர்ஸ்ரைக்னு ஒரே ஊர்ல நடக்கும், கேரக்டர் எல்லாம் ரெடியா வரும். அது முடிஞ்சு பிடிச்சிருந்தா எனிமி விதின்னு தொடர்கதையா ஆடுற கேம்பெயின், 1986லயே ஆரம்பிச்சது, நடுவுல உங்களுக்குன்னே ஒரு படகு கெடச்சு ஆத்துல சரக்கு ஏத்தி யாவாரம் பண்ணலாம். அதோட கதைய மட்டும் தயவுசெஞ்சு முன்னாடியே எங்கயும் படிச்சிடாதீங்க, யார் கேம் மாஸ்டரோ அவங்க மட்டும் படிக்கட்டும்.