அடுக்குமாடி வீட்டுக்குள் முயல் வளர்க்கலாமா?

சரவணன் (ஆவடி):
என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டருகே உள்ள செல்லப்பிராணிக் கடையில் இரண்டு வெள்ளை முயல் குட்டிகளைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. இரண்டடிக் கம்பிக் கூண்டு, ஒரு பொட்டலம் பெல்லட் (அரைத்துக் குச்சியாக அழுத்திய) தீவனம் எல்லாம் சேர்த்து ஜோடியாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடியில், வாடகை வீட்டில். முயலை வீட்டுக்குள் அடைப்பது பாவம் என்கிறார் என் மைத்துனர். உடன் வேலை செய்யும் நண்பரோ, பூனையைப் போலத் திறந்துவிட்டே வளர்க்கலாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: வாங்கலாமா, வேண்டாமா?

மலைநாடன்:
வேண்டாம். கொடைக்கானல் மலையில் பல ஆண்டுகளாக முயல் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முயலுக்கு வியர்க்காது. மூச்சிரைத்தும் அதனால் உடலைப் போதிய அளவு குளிர்விக்க முடியாது. வெப்பத்தை வெளியே தள்ள அதற்கு இருக்கும் முக்கிய வழி அந்த இரண்டு காதுகள்தான். 15 முதல் 21 டிகிரி வரை அதற்குச் சுகம்; 28ஐத் தாண்டினால் தவிப்பு தொடங்கும். ஆவடியில் மே மாதம் 40 டிகிரி அடிக்கிறது. எங்கள் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயன்ட் முயல்களை வளர்க்கிறார்கள். மன்னவனூர்க் குளிரில் ஒரு இரவு தங்கியவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. குழந்தை ஆசைப்படுகிறது என்பதற்காக மாடி வெயிலில் இரண்டு உயிர்களை வேக வைக்காதீர்கள்.

தேன்மொழி (சென்னை):
மலைநாடன் ஐயா, வெயிலைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். வளர்ப்பு முயலின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும். தென் ஸ்பெயினின் கோடையும் 40 டிகிரியைத் தொடுகிறது. அங்கே முயல் பகல் முழுவதும் வளைக்குள் கிடந்துவிட்டு, விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து மேய்கிறது. மேற்கு வெயில் படாத ஓர் உள்ளறையை அந்த வளையாக மாற்றிக் கொடுக்க நகரத்து வீட்டில் முடியும். தகரக் கூரை போட்ட கொட்டகையில்தான் முடியாது.

என் முயல்கள் இரண்டும் கூண்டே இல்லாமல் வீட்டுக்குள் வாழ்கின்றன. கோடையில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுகிறேன். பெரிய மண்பானையைச் சாய்த்துப் படுக்க வைத்து அதன் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டால் இரண்டும் அதற்குள் நுழைந்துகொள்ளும். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் அதை ஒட்டிப் படுக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில் பகலில் ஏசி ஓடுகிறது. அந்தச் செலவை ஏற்க முடியாதவர்கள் சமவெளியில் முயல் வளர்க்க வேண்டாம் என்று நானும் சொல்வேன்.

நான் சகிக்காதது அந்த இரண்டடிக் கூண்டைத்தான். முயலுக்கு மகிழ்ச்சி பொங்கினால் ஓடிவந்து அந்தரத்தில் எகிறி, உடலைத் திருகி, தலையை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு இறங்கும். இரண்டடியில் அது எப்படி நடக்கும்? ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று பிரிட்டனின் முயல் நல அமைப்பு பரிந்துரைக்கிறது. வீட்டுக்குள் மனிதரோடு முயல் வாழலாம் என்பதை எடுத்துச் சொல்லவே கலிபோர்னியாவில் 1988இல் ஹவுஸ் ராபிட் சொசைட்டி தொடங்கப்பட்டது. இது நேற்று முளைத்த ஆசை இல்லை.

மலைநாடன்:
அம்மா, கூண்டு என்றதும் கொடுமை என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். கம்பித் தரைக்கு ஒரு காரணம் இருக்கிறது. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். முயல் தன் கழிவின் மேல் உட்காராது. குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் ரத்தக் கழிச்சல் நோய் கழிவு வழியாகத்தான் பரவுகிறது. தரையில் விட்டு வளர்த்துக் குட்டிகளை இழந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் வளைக் கணக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. மண்ணுக்கு அடியில் இருக்கும் வளை பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கும். காங்கிரீட் கட்டடம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவில் கக்கும். மின்சாரம் போனால் உங்கள் ஏசி என்ன செய்யும்?

தேன்மொழி (சென்னை):
பண்ணையில் நூறு முயலை ஒரே கொட்டகையில் வைப்பவருக்குக் கம்பித் தரை தேவைப்படலாம். தினமும் கழிவைக் கூட்டி அள்ளும் வீட்டில் இரண்டு முயலுக்கு அது எதற்கு? நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் மெத்தை இருக்கிறது. முயலுக்கு வெறும் மயிர் மட்டுமே. கம்பியில் நாள் முழுதும் உட்கார்ந்தால் மயிர் தேய்ந்து தோல் புண்ணாகி, புண் எலும்புவரை இறங்கும். வழவழப்பான டைல்ஸ் தரையும் கெடுதல்தான், கால் வழுக்கும். அதனால் கோரைப்பாயும் பழைய ஜமுக்காளமும் விரித்திருக்கிறேன். பாயைக் கடித்தால் கடிக்கட்டும், கோரை வயிற்றைக் கெடுக்காது.

கழிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அஞ்சுவது அதைத்தான். முயல் தானே ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கும். அந்த மூலையில் அகலமான தட்டை வைத்து, செய்தித்தாள் விரித்து, ஒரு ஓரமாக உலர்புல்லைக் குவித்துவிட வேண்டும். தின்றுகொண்டே கழிப்பது அதன் இயல்பு. அதனால் தட்டைவிட்டு வெளியே போவது குறைவு. கருத்தடை செய்த முயலாக இருந்தால் இன்னும் ஒழுங்காக இருக்கும்.

மின்வெட்டுக்கு ஈரச் சாக்கும் மண்பானையும் ஐஸ் புட்டியும்தான். ஒரு பிற்பகலை அவற்றைக் கொண்டு கடத்திவிடலாம்.

விசாலாட்சி:
வாடகைக்கு வீடு விட்டவள் என்ற முறையில் பேசுகிறேன். குடியிருந்தவர்கள் நல்லவர்கள், முயல்களும் அழகு. காலி செய்து போன பிறகு பார்த்தால் தேக்கு நிலையின் அடிப்பகுதி முழுக்கக் கொறிபட்டிருந்தது, சுவர் மூலைகளில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது, தரையில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம். இணைய இணைப்புக் கம்பியைக் கடித்ததோடு நிற்காமல் குளிர்பதனப் பெட்டியின் ஒயரையும் கடித்திருக்கிறது. கடித்த நேரத்தில் அதில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்து முயலும் செத்து வீடும் பற்றியிருந்தால் யார் பொறுப்பு? தேன்மொழிக்குச் சொந்த வீடாக இருக்கலாம். சரவணனுக்கு வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

கால்நடை மருத்துவர் (திருச்சி):
வெயிலும் கூண்டும் முக்கியம்தான். ஆனால் என் மேசைக்கு வரும் முயல்களில் பெரும்பாலானவை வருவது தீவனத்தாலும் "ஜோடி" என்ற ஏமாற்றத்தாலும். இதை யாரும் இன்னும் தொடவில்லை.

முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளரும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்துத் தின்றால்தான் தேயும். பெல்லட்டும் கேரட்டும் பிஸ்கட்டும் தின்னும் முயலுக்குக் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வலியில் தின்பதை நிறுத்தும். தின்பது நின்றால் குடல் நிற்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பாதி நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் ஒரு முயல் இருந்தால் அது அவசரச் சிகிச்சைக்கு உரியது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

தீவனத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் புல்லும் உலர்புல்லுமாக இருக்கட்டும். வெளிநாட்டுத் திமோத்திப் புல் விலை அதிகம் என்று வருந்த வேண்டாம். அருகம்புல்லைக் கழுவி நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். பூச்சிமருந்து அடித்த இடத்துப் புல்லாக மட்டும் இருக்கக் கூடாது. குதிரைமசால் என்ற தீவனப்பயிர் வளரும் குட்டிக்கு நல்லது. வளர்ந்த முயலுக்குத் தினமும் கொடுத்தால் அதில் உள்ள மிகுதியான கால்சியம் சிறுநீரோடு வெளியேறும். விசாலாட்சி அம்மா பார்த்த வெள்ளைப் படலம் அந்தக் கால்சியம்தான். வினிகர் ஊற்றித் தேய்த்தால் போகும். சிறுநீர் சில நாள் சிவப்பாக இருந்தால் உடனே பதறாதீர்கள், தின்ற இலையின் நிறமியாலும் அப்படி ஆகும்.

அடுத்தது ஜோடி. சிறு குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவது கடினம். இரண்டும் பெண் என்று வாங்கிப் போனவர்கள் சில மாதத்தில் குட்டிகளோடு வருகிறார்கள். சினைக்காலம் சுமார் 31 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படவும் முடியும். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன் கேளுங்கள். அறுவைக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால் அவருக்கு முயல் பழக்கமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்: வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்கள் குலைந்து முயல் இறக்கக்கூடும். நாய்க்கு உண்ணி போகத் தடவும் ஃபிப்ரோனில் மருந்தையும் முயலுக்குத் தடவக் கூடாது.

கரிசல்காட்டான்:
இதற்கு எதற்குக் கடை? எங்கள் ஊரில் அறுவடை நேரத்தில் முயல் குட்டிகள் வரப்போரம் தனியாகக் கிடக்கும். யாராவது எடுத்து வந்து தருவார்கள்.

கால்நடை மருத்துவர் (திருச்சி):
கூடவே கூடாது. அது காட்டுமுயல், வளர்ப்பு முயலிலிருந்து வேறுபட்ட இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து புல்லுக்குள் அசையாமல் கிடக்கும். தாய் பால் கொடுக்க மட்டும் வந்து போகும். தனியாகக் கிடப்பதால் அனாதை என்று நினைத்து எடுத்து வருகிறார்கள். வீட்டில் அது அச்சத்திலேயே செத்துவிடும். கிடக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மலைநாடன்:
மருத்துவர் சொன்னதை எல்லாம் படித்த பிறகும் ஒரு ஒன்பது வயதுக் குழந்தையிடம் இதைக் கொடுக்கலாம் என்று யாராவது நினைக்கிறீர்களா? குழந்தைக்குத் தூக்க வேண்டும், கொஞ்ச வேண்டும். முயல் இரையாகும் விலங்கு. அதைத் தரையிலிருந்து தூக்குவது பருந்தும் நரியும்தான். தூக்கியவுடன் பின்னங்காலால் உதைக்கும். எலும்பு லேசு, உதையின் வலு அதிகம். தன் உதையிலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். நன்றாக வளர்த்தால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் முயல் அந்த வீட்டில்தான் இருக்கும். அப்போது புல் அறுப்பது யார்?

தேன்மொழி (சென்னை):
சரவணன் அறுப்பார், அல்லது அவர் மனைவி அறுப்பார். முயல் குழந்தைக்கு வாங்கித் தரும் பொருளாக இருக்கக் கூடாது என்பதில் ஐயாவோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். பெரியவர்கள் தங்களுக்கென்று ஏற்க வேண்டும், குழந்தை பக்கத்தில் இருந்து பழகட்டும். தரையில் உட்கார்ந்து காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தால் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள். முயல் தானாக வந்து முகவாயை அவள் காலில் தேய்த்துவிட்டுப் போகும், இது என்னுடையது என்று மணம் பூசிக்கொள்ளும் செயல் அது. தூக்கிக் கொஞ்சுவதைவிட அந்த நெருக்கம் பெரியது, ஏனென்றால் அதை முயலே தேர்ந்தெடுத்தது.

விசாலாட்சி அம்மா சொன்ன ஒயர் விஷயம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது. தரைமட்டத்தில் ஒரு ஒயரும் தெரியக் கூடாது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து உயரத்தில் அடித்துவிட வேண்டும். நிலைக்கதவின் அடியில் தகடு பொருத்தலாம். கடிக்க வேப்பங்குச்சியும் கொய்யாக் கிளையும் போட்டால் மரச்சாமானுக்கு ஓரளவு விடுதலை. ஓரளவுதான், பொய் சொல்ல மாட்டேன்.

சரவணன் (ஆவடி):
எல்லோருக்கும் நன்றி. அந்தக் கடையில் வாங்கப் போவதில்லை என்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். இன்று போய்க் கேட்டபோது குட்டிகளுக்கு ஒரு மாதம்தான் ஆகிறது என்றார். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்று படித்தேன். வீட்டுக்காரரிடம் இந்த வாரம் பேசுகிறேன். தேன்மொழி அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்து வந்து உங்கள் முயல்களைப் பார்க்கலாமா?

தேன்மொழி (சென்னை):
தாராளமாக வாருங்கள். ஐந்து மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் இரண்டும் தூங்கும். மகளைக் கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள். கேரட் வேண்டாம்.

மலைநாடன்:
சரவணன், மாலை ஐந்து மணிக்குப் போனால் எந்த வீட்டு முயலும் சுகமாகத்தான் தெரியும். தேன்மொழி அம்மா அனுமதித்தால் மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை போங்கள். ஏசியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு அந்த அறையில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் இரண்டாவது மாடியிலும் அதே நேரத்தில் வைத்துப் பாருங்கள். 28க்குள் நின்றால் நான் இங்கே வந்து "வாங்குங்கள்" என்று எழுதுகிறேன்.

தேன்மொழி (சென்னை):
சம்மதம், ஐயா. முயல்களைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். மண்பானைக்குள்ளும் ஒரு வெப்பமானி வைப்போம்.