எல்ஏஏ கேட்டுவிட்டுத்தான் பேசுகிறதா?

சிகாகோ சேது: "மொபைல் நிறுவனங்களின் எல்ஏஏ, அலை காலியா என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறது, வைஃபைக்குத் தொந்தரவே இல்லை" என்று நேற்று பாலன் எழுதியதைப் படித்து எரிச்சல் தாங்கவில்லை. எல்ஏஏ என்பது வைஃபை புழங்கும் 5 கிகாஹெர்ட்ஸிலும் 4ஜி தரவை அனுப்பும் முறை. அந்த 5 கிகாஹெர்ட்ஸ், உரிமம் தேவைப்படாத அலைக்கற்றை. அங்கே ஒரு வைஃபை, இன்னொரு வைஃபையின் குரல் மைனஸ் 82 டிபிஎம் (சைகை வலிமையின் அளவு; மைனஸ் எண் கூடக் கூட மெலிவு) அளவுக்கு மெலிந்திருந்தாலும் ஒதுங்குகிறது. எல்ஏஏவின் வரம்பு மைனஸ் 72; அதைவிட மெலிந்த குரலுக்கு அது ஒதுங்காது. பத்து டெசிபெல் வித்தியாசம், அதாவது ஆற்றலில் பத்து மடங்கு! இந்தக் காபிக் கடை வைஃபைக்கு என் மடிக்கணினி காட்டுவது மைனஸ் 78, இரண்டு வரம்புகளுக்கும் நடுவே. வாசலில் விளக்குக் கம்பத்தில் எல்ஏஏ பெட்டி. வீடியோ அழைப்பு மூன்று முறை அறுந்துவிட்டது.

டவர் பாலன்: பாதியை விழுங்காதீர்கள். வைஃபை அல்லாத சைகை என்றால் வைஃபை ஒதுங்குவது மைனஸ் 62-ல்தான். எல்ஏஏ 72-லேயே ஒதுங்குகிறது. யாருக்குக் காது மந்தம்? 78 என்பது உங்கள் மேசையில். கம்பத்து ஆன்டெனாவுக்கு என்ன கேட்கிறது என்று ஏறிப் பார்த்தீர்களா? நான் 14 ஆண்டுகள் கோபுரம் ஏறியவன்.

சிகாகோ சேது: கோபுரம் ஏறினால் 82 எப்படி 72 ஆகும்? வைஃபை அங்கே முன்பே குடியிருந்தது. பின்னால் வந்தவர்தான் அடங்க வேண்டும். 82!

கயல்விழி: அதே அலையில் 4ஜி அனுப்பும் இன்னொரு முறையான எல்டிஇ-யூவை இருவருமே மறந்துவிட்டீர்கள். அது ஒவ்வொரு முறையும் கேட்டுப் பேசுவதில்லை. தானே நேரம் வகுத்துக்கொண்டு விட்டுவிட்டு ஒலிபரப்புகிறது. அமெரிக்காவில் 2017 பிப்ரவரியில் அதற்கும் அனுமதி கொடுத்தார்கள்.

டவர் பாலன்: தலைப்பு எல்ஏஏ, அம்மா. 62-க்குப் பதில் எங்கே?

தமிழ்ப்பித்தன்: பாலன் நேற்று "அலைவரிசை" என்று எழுதியிருந்தார். அலைக்கற்றை வேறு, அலைவரிசை வேறு. சொல்லையே பிரிக்கத் தெரியாதவர் அலையைப் பங்குபோட வந்துவிட்டார்.

டவர் பாலன்: போன மாதம் என் கட்டுரையில் ஒற்றுப்பிழை எண்ணியவர்தானே நீங்கள்? டெசிபெல் கணக்கு ஒன்று போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.

தமிழ்ப்பித்தன்: எண்ணினேன். பதினேழு. இன்னும் திருத்தவில்லை.

சிகாகோ சேது: ஒற்றை விடுங்கள். 62 என்பது, எதன் சைகை என்றே தெரியாத வெற்று ஆற்றலுக்கு வைத்த வரம்பு. ஒவ்வொரு ஒலிபரப்பின் தொடக்கத்திலும் வரும் வைஃபையின் முகப்புச் சைகையை எல்ஏஏவும் அனுப்பியிருந்தால் 82-லேயே ஒதுங்கியிருப்போம். அனுப்ப மறுத்தது யார்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

டவர் பாலன்: முதலில் 62.

சிகாகோ சேது: 82. நாளை அந்தக் கம்பத்தடியிலேயே அளந்து படம் போடுகிறேன்.