மரத்தில் நீராவி ரயில் இன்ஜின்: ஆரக்கால்கள் உடைகின்றன, இணைப்புத் தண்டுகள் சிக்குகின்றன

தச்சுப்பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஒன்பது மாதங்களாக, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஒரு நீராவி இன்ஜினை மரத்திலேயே செய்து வருகிறேன். நான் எடுத்துக்கொண்டது 1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் பணிமனையில் கட்டப்பட்ட ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன். முதலில் அமெரிக்காவின் பிக் பாய் இன்ஜின் மீதுதான் ஆசை இருந்தது. ஆனால் அது டெண்டரோடு (எரிபொருளும் நீரும் சுமக்கும் பின்பெட்டியோடு) 40 மீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. நான் நினைத்திருந்த பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்தாலும் இரண்டரை மீட்டர் வந்துவிடும் என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் அதே அளவில் சுமார் 1.3 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதன் பெரிய சக்கரங்கள் 6 அடி 8 அங்குலம், அதாவது 2032 மி.மீ. விட்டம் கொண்டவை; பதினாறால் வகுத்தால் மீதியில்லாமல் 127 மி.மீ. கிடைக்கிறது. இவ்வளவு பெரிய சக்கரத்தில் ஆரக்கால்களின் வளைவுகளைக்கூடக் கையால் செதுக்கிக் காட்டலாம் என்ற எண்ணமே என்னை இதில் இறங்க வைத்தது.

இப்போது மூன்று இடங்களில் தடுமாறி நிற்கிறேன். முதலாவது, சக்கரம். 14 மி.மீ. தடிமனுள்ள தேக்குப் பலகையில் சக்கரத்தை வரைந்து, ஆரக்கால்களுக்கு இடைப்பட்ட பகுதிகளை நுண்ணிய ரம்பத்தால் அறுத்தெடுத்தேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் உப்புத்தாள் போடும்போது ஓர் ஆரக்கால், சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தை ஒட்டிய இடத்தில் பிஸ்கட்டைப் போலச் சட்டென்று முறிந்தது. ஒட்டிவைத்துத் தொடர்ந்தேன், மறுநாள் அதற்கு நேர் எதிரே இருந்த ஆரக்காலும் முறிந்தது.

இரண்டாவது, இணைப்புத் தண்டுகள். சோதனைக்காக ஆரக்கால் இல்லாத வெறும் வட்டச் சக்கரங்கள் ஆறு செய்து, மூன்று அச்சுகளில் பொருத்தி, இருபுறமும் சக்கரங்களைப் பிணைக்கும் தண்டுகளை, மையத்திலிருந்து தள்ளி நிற்கும் கிராங்குகளில் மாட்டினேன். இடப்பக்கக் கிராங்குக்கும் வலப்பக்கக் கிராங்குக்கும் இடையே 90 பாகை வைத்திருக்கிறேன். கையால் சுழற்றினால் ஒரு சுற்றில் சில இடங்களில் இறுகி நின்றுவிடுகிறது. தண்டுகளின் துளைகளை அரத்தால் சற்றுப் பெரிதாக்கியும் சரியாகவில்லை.

மூன்றாவது, கொதிகலன். ஒரே கட்டையில் கடைந்தெடுப்பதா, உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்வதா என்று முடிவு செய்ய முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆரக்கால் (மறுமொழி)

வணக்கம் நண்பரே. உங்களுக்கு முறிந்த அந்த இரண்டு ஆரக்கால்களும் எந்தத் திசையில் இருந்தன என்று பார்த்தீர்களா? பலகையின் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கே ஓடியவையாகத்தான் இருந்திருக்கும். ஒரே பலகையில் சக்கரத்தை அறுக்கும்போது, ரேகையோடு செல்லும் ஆரக்கால்கள் எஃகுபோல உறுதியாக நிற்கும். ரேகைக்குச் செங்குத்தாக வருபவற்றிலோ நார்கள் ஆரக்காலின் அகலம் அளவுக்கே நீளமாக இருப்பதால், அவற்றைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

மாட்டு வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதத்தையே நாமும் பின்பற்றலாம். குடம் தனி, ஆரக்கால் ஒவ்வொன்றும் தனி, வெளிவளையமான வட்டை பல துண்டுகளாகத் தனி. ஆரக்காலின் நீளவாட்டில் ரேகை ஓடுமாறு சிறு குச்சிகளை முதலில் அறுத்துக்கொண்டு, இரு முனைகளிலும் கழுந்து (துளையில் நுழையும் முளை) விட்டு, குடத்திலும் வட்டையிலும் உள்ள துளைகளில் ஏற்ற வேண்டும். வட்டையை ஆறு வளைதுண்டுகளால் ஒரு வளையமாக ஒட்டி, அதன்மேல் இன்னொரு ஆறு துண்டு வளையத்தை, கீழ் வளையத்தின் ஒட்டு மேல் துண்டின் நடுவில் வருமாறு தள்ளி வைத்து ஒட்டினால், அந்த வட்டை எளிதில் பிரியாது. பெரிய சக்கரம் ஆறுக்கும் இவ்வாறு செய்ய எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. ஆனால் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி விளிம்பைக் கடைந்தபோது ஓர் ஆரக்கால்கூட அசையவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆரக்கால்களை முழு வடிவில் செதுக்கி முடித்துவிட்டு ஒட்டாதீர்கள். சதுரமாகவே ஒட்டிவிட்டு, பசை நன்றாகக் காய்ந்த பிறகு, குடத்தை ஒட்டித் தடித்தும் வட்டையை நோக்கி மெலிந்தும் வருமாறு சிறு உளியால் இழைத்துக்கொள்ளுங்கள். வார்ப்புச் சக்கரத்தில் ஆரக்கால் குடத்தோடு கலக்கும் அந்த மென்மையான குழிவு, ஒட்டிய பின் செதுக்கினால்தான் கிடைக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஒட்டும் பரப்பை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி தண்டுகளுக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்களில்தான் கிராங்குகள் 90 பாகையில் நிற்கும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனையில் நின்று சக்தியற்றுப்போகும் நேரத்தில் மறு பக்கத்துப் பிஸ்டன் முழு வலுவோடு தள்ள வேண்டும் என்பதே அதற்குக் காரணம். நீங்கள் எடுத்துக்கொண்டதோ மூன்று சிலிண்டர் இன்ஜின். நடுச் சிலிண்டர் சட்டங்களுக்கு இடையே மறைந்திருப்பதால் படங்களில் தெரிவதில்லை. அதில் வெளிப்புறக் கிராங்குகள் இரண்டும் ஒன்றுக்கொன்று 120 பாகையில் இருக்கின்றன. அசலுக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் தண்டுகள் சிக்குவதற்கு இது காரணமல்ல. 90 ஆனாலும் 120 ஆனாலும், ஏன் 117 ஆனாலும், மூன்று அச்சுகளிலும் அதே கோணம் இருந்தால் சக்கரங்கள் தடையின்றிச் சுழலும். ஓர் அச்சில் 90, இன்னோர் அச்சில் 91 என்று இருந்தால் சிக்கும். மர இன்ஜின் செய்பவர்கள் பலரும் ஒவ்வோர் அச்சையும் கோணமானியால் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றிலும் சிறு பிழை விட்டுவிடுகிறார்கள். அளப்பதைவிட, மூன்றையும் ஒரே தாங்குகட்டையில் வைத்து ஒட்டுவதே சரியான வழி. ஒரு தடித்த கட்டையில் அச்சு உட்காருவதற்கு வி வடிவில் வெட்டுங்கள்; இடப்பக்கக் கிராங்க் ஆணி முட்டி நிற்க ஒரு நிறுத்தமும், வலப்பக்க ஆணிக்கு இன்னொரு நிறுத்தமும் அடியுங்கள். மூன்று அச்சுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கட்டையில் வைத்துப் பசை காயும்வரை விட்டால், கட்டையில் பிழை இருந்தாலும் அந்தப் பிழை மூன்றிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

தண்டின் துளைகளுக்கும் இதே முறைதான். இரண்டு பக்கச் சட்டங்களையும் இரண்டு தண்டுகளுக்கான பட்டைகளையும் நான்கு அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, மூன்று துளைகளையும் ஒரே மூச்சில் போடுங்கள். பிறகு சட்டத்தில் உள்ளவற்றை மட்டும் அச்சின் தடிமனுக்கு ஏற்பப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சட்டமும் தண்டும் நீளவாட்டு ரேகையில் இருந்தால் காற்றின் ஈரம் மாறினாலும் துளைகளின் இடைவெளி மாறாது. ஏனென்றால் மரம் ரேகையின் நீளவாட்டில் விரிவதோ சுருங்குவதோ கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்கு மிகக் குறைவு.

உங்கள் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டறிய, ஒரு பக்கத்துத் தண்டைக் கழற்றிவிட்டு மறுபக்கத்துத் தண்டோடு மட்டும் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் இறுகினால் துளைகளின் இடைவெளியிலோ கிராங்கின் நீளத்திலோ பிழை. இரு பக்கங்களும் தனித்தனியே நன்றாகச் சுழன்று, சேர்த்து மாட்டும்போது மட்டும் இறுகினால் கோணத்தில் பிழை. காரணம் தெரியும்வரை துளைகளை அரத்தால் பெரிதாக்குவதை நிறுத்திவிடுங்கள்.

வைரம்பாய்ந்தது (மறுமொழி)

சக்கரம் பற்றி மேலே சொல்லப்பட்டதில் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. கொதிகலன் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரே கட்டையில் கடைந்து, அது பிளந்ததைக் கண்டு வருந்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மரம் காயும்போது வளர்வளையங்களைச் சுற்றிச் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. நடுத்தண்டோடு கூடிய முழு உருளையில் இந்த வேறுபாட்டுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் மேற்பரப்பு நீளவாட்டில் வெடிக்கிறது. எனக்கு அது மெருகு போட்டு முடித்த நான்காம் மாதத்தில் நடந்தது. புகைபோக்கியின் அடியிலிருந்து ஓட்டுநர் அறை வரை, நகம் நுழையும் அகலத்தில் ஒரே கோடாகப் பிளந்திருந்தது.

பீப்பாய் செய்வதுபோலப் பட்டைகளால் கட்டுங்கள். பன்னிரண்டு பட்டைகள் என்றால் ஒவ்வொரு பட்டையின் இரு விளிம்புகளையும் 15 பாகை சாய்த்து இழைக்க வேண்டும். பதினாறு என்றால் 11.25 பாகை. பட்டைகளின் எண்ணிக்கையால் 180ஐ வகுத்தால் இந்தக் கணக்கு கிடைத்துவிடும். உங்கள் இன்ஜினின் கொதிகலன் பின்புறமுள்ள நெருப்புப் பெட்டியை நோக்கிப் பருத்துக்கொண்டே செல்வதால், பட்டைகளும் முன்புறம் குறுகியும் பின்புறம் அகன்றும் இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிக்காமல் நேர் உருளையாகச் செய்துவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு நுணுக்கமான வேலை செய்தாலும் இன்ஜினின் முகச்சாயல் வருவதில்லை.

ஒட்டும்போது எல்லாப் பட்டைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, வெளிப்புறத்தில் ஒட்டுநாடா போட்டு, சாய்வு விளிம்புகளில் பசை தடவி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டினால் ஒரே தடவையில் மூடிக்கொள்ளும். அதன்பின் ரப்பர் பட்டைகளால் இறுக்கி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அசல் இன்ஜினில் கொதிகலன் முன்புறம், புகைப்பெட்டியின் அடியில், சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். பின்புறம், நெருப்புப் பெட்டியின் பக்கம், சூட்டில் நீளும்போது நகர்வதற்கு இடம் விட்டிருப்பார்கள். மரத்தில் நிலைமை தலைகீழ். நீளம் மாறுவதில்லை, சுற்றளவுதான் மழைக்காலத்தில் பெருத்தும் கோடையில் சிறுத்தும் மாறும். ஆகவே கொதிகலனைச் சுற்றி ஓடும் மெல்லிய வளையப் பட்டைகளை முழுச் சுற்றுக்கும் ஒட்டிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் மட்டும் பசை வைத்து, முனைகளுக்கு இடையே சிறு இடைவெளி விடுங்கள். நீளவாட்டில் ஓடும் கைப்பிடிக் கம்பிகளுக்கு இந்தக் கவலை தேவையில்லை.

தச்சுப்பட்டறை (கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முறிந்த ஆரக்கால்கள் இரண்டும் ரேகைக்குக் குறுக்கேதான் இருந்தன. தண்டுகளை ஒவ்வொரு பக்கமாகக் கழற்றிச் சோதித்தேன். வலப்பக்கத் தண்டு மட்டும் இருந்தபோது நன்றாகச் சுழன்றது; இடப்பக்கத் தண்டு மட்டும் இருந்தபோது, கிராங்க் முன்முனையிலும் பின்முனையிலும் வரும் இரண்டு இடங்களிலும் இறுகியது. அளந்து பார்த்தால், நடுத்துளைக்கும் பின்துளைக்கும் இடையே சட்டத்தைவிடத் தண்டில் அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக இருக்கிறது. நான்கையும் அடுக்கி வைத்துத் துளையிடும் முறையில் இரண்டு தண்டுகளையும் புதிதாகவே செய்யப்போகிறேன். கிராங்கின் நீளத்தையும் சரிபார்த்துக்கொண்டேன்: அசலில் பிஸ்டன் ஓட்டம் 26 அங்குலம், கிராங்க் அதில் பாதியான 13 அங்குலம், நம் அளவில் 20.6 மி.மீ.

இன்னும் இரண்டு கேள்விகள். அச்சுகளையும் கிராங்க் ஆணிகளையும் எஃகில் செய்வதா, மரத்திலேயே செய்வதா? மேலும், வண்ணம் பூசாமல் புகைப்பெட்டியை மட்டும் கருமையாக்க வழி உண்டா?

ஆரக்கால் (மறுமொழி)

என் கருத்து எஃகு. சக்கரத்துக்குள் மறைந்துவிடும் அச்சு எதனால் ஆனது என்பதைப் பார்ப்பவர் அறியப்போவதில்லை. அறியவேண்டிய தேவையும் இல்லை. மரத்தின் அழகு தெரியும் இடங்களில் மரத்தையும், பாரம் விழும் இடங்களில் எஃகையும் வைப்பதால் உங்கள் உழைப்பின் மதிப்பு குறையாது.

இழைப்புளி (மறுமொழி)

மேலே உள்ள நண்பரோடு இந்த ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். முழுக்க மரத்தில் செய்யவேண்டும் என்பதுதான் கேட்டவரின் விருப்பம் என்றால் அது முடியாத காரியமல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடிகாரத் தச்சர் ஜான் ஹாரிசன் தம் மரக் கடிகாரங்களில், எண்ணெய் விடத் தேவையில்லாதபடி, லிக்னம் வைட்டே என்னும் இயற்கையிலேயே எண்ணெய்ப் பிசுக்குள்ள மரத்தைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் கப்பல்களை உந்தும் விசிறியின் தண்டுக்கும் அதே மரம் தாங்கியாக இருந்தது. அமெரிக்காவில் ஒஹையோவின் டோவர் நகரில் வாழ்ந்த செதுக்குக் கலைஞர் எர்னஸ்ட் வார்தர் (1885–1973) வால்நட் (அக்ரூட்) மரத்திலும் கருங்காலியிலும் தந்தத்திலும் செதுக்கிய இன்ஜின்கள் இயங்கக்கூடியவை. கையால் மெல்லச் சுழற்றிக் காட்டும் மாதிரிக்கு, அடர்த்தியான வைரம்பாய்ந்த கட்டையில் கடைந்த 10 மி.மீ. அச்சு போதும், உராயும் இடத்தில் மெழுகு தேய்த்துவிடுங்கள். துளையில் 0.3 மி.மீ. தளர்வு விட மறக்காதீர்கள், மழைக்காலத்தில் அது தேவைப்படும்.

கருமைக்கு, காடியில் (வினிகரில்) இரும்பு நாரைச் சில நாள்கள் ஊறவைத்து வடிகட்டிய நீரைத் தடவுங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து, ரேகை மறையாமல் மரமே கறுக்கும். துவர்ப்பு குறைந்த மரமாக இருந்தால் முதலில் கடுந்தேயிலைச் சாறு பூசிக் காயவிட்டுப் பிறகு தடவ வேண்டும். பசை பட்ட இடத்தில் இந்த நீர் இறங்காமல் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும் என்பதால், பாகங்களை ஒட்டுவதற்கு முன்பே கருமையாக்கிவிடுங்கள். ஒட்டும் பரப்பை மட்டும் நாடாவால் மூடிக்கொள்ளுங்கள். அதே மரத்தின் சிறு துண்டு ஒன்றில் முதலில் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

கேட்கவில்லை என்றாலும் புகைப்பெட்டியின் ரிவெட்டுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூங்கிலைச் சிறு சிம்புகளாகப் பிளந்து, எஃகுத் தகட்டில் படிப்படியாகச் சிறிதாகும் துளைகளின் வழியே ஒவ்வொன்றாக இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டைக் குச்சி கிடைக்கும். துளையிட்டு, நுனியில் பசை தொட்டு ஏற்றி, அரை மில்லிமீட்டர் வெளியே நிற்குமாறு நறுக்கி, முனையை உப்புத்தாளால் மெல்ல உருட்டிவிடுங்கள். புகைப்பெட்டியைக் கருமையாக்கிய பிறகே இவற்றை ஏற்றினால், கறுத்த பரப்பில் மூங்கிலின் வெளிர்நிறத் தலைகள் வரிசையாகத் தெரியும். அது வேண்டாமென்றால் ஏற்றுவதற்கு முன் குச்சிகளுக்குத் தனியே கறுப்பு மை ஊட்டிக்கொள்ளுங்கள்.